ஒன்பது தோட்டாக்களும் ஒரு சந்தனப் பொட்டும்

ஒரு மனிதரின் கைகள் நன்றாக இருந்த காலத்தில், அவை பிழைவிடத் தொடங்கிவிட்டன என்று நான் எழுதிக் கையெழுத்து வைத்தேன். நான்கு மாதம் கழித்து, பிழை அவருடைய கையில் இல்லை, என்னுடைய கையில்தான் என்று தெரியவந்தது. சொல்லவில்லை. பதின்மூன்று வருடம் சொல்லாமல் இருந்தேன். அவர் வீட்டில் தேநீர் குடித்தேன், அவருடைய பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போனேன், அவர் வருமானவரிப் பத்திரங்களை நிரப்பிக் கொடுத்தேன். இதை மட்டும் சொல்லவில்லை.

அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கனடாவில், ஸ்காபரோவில் கார்களுக்கு உலோகப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருவரும் வேலை செய்தோம். அவர் உலோகம் கடையும் லேத்தில் நிற்பார். நான் அளவு பார்க்கிறவன். அவரும் மற்றவர்களும் செய்கிற பாகங்களை அளந்து, சரி என்றோ பிழை என்றோ எழுதுவது என் வேலை. யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவன் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவர் என்னை மாஸ்ரர் என்று கூப்பிடத் தொடங்கினார். பிறகு தொழிற்சாலை முழுவதற்கும் நான் மாஸ்ரர்தான். எங்கள் போர்மன், தமிழ் ஒரு சொல்லும் தெரியாத வெள்ளைக்காரர், அவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்தப் போர்மன்தான் குறிபார்த்துச் சுடும் கழகமொன்றுக்கு எங்களைக் கூட்டிப்போனவர். நகரத்துக்கு வடக்கே ஒரு மணிநேரக் கார் ஓட்டம். பள்ளிக்கூடத்தில் நான் கடேற் மாணவர் படையில் இருந்தவன், சின்னத் துவக்கால் சுட்டுப் பழகியவன் என்று வாய்தவறிச் சொல்லியிருந்தேன். வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் காசுகட்டி வெடி வைக்கப் போகிறதோ என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஊரில் சத்தம் எப்போது வரும், எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. இங்கே நான் மூச்சை அடக்கி, விரலை மடக்கினால் மட்டும்தான் சத்தம். அது எனக்கு ஒரு வகை ஓய்வாக இருந்தது. அவளுக்கு அதை விளக்க முடியவில்லை, அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அண்ணைக்குச் சுடுவதில் பெரிய நாட்டமில்லை. அவருக்கு வெடிக்காமல் போகிற தோட்டாவில்தான் ஆசை.

நாங்கள் பாவித்தது பொயின்ற் ரூ ரூ (.22) என்கிற சின்னத் தோட்டா. பெட்டியில் ஐம்பது இருக்கும். மலிவான பெட்டியென்றால் ஐம்பதில் ஒன்று, சிலவேளை இரண்டு, வெறும் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். அப்படி நின்றால் துவக்கை இலக்கை நோக்கியே பிடித்தபடி அரை நிமிடம் காத்திருந்து, பிறகுதான் எடுக்கவேண்டும். நான் எடுத்து, அதற்கென்று வைத்திருக்கும் டப்பாவில் போடப் போவேன். அண்ணை கையை நீட்டுவார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, தோட்டாவின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார்.

இந்தத் தோட்டாவில் தீப்பற்ற வைக்கும் மருந்து நடுவில் இல்லை. அடியின் விளிம்புக்குள் சுற்றிவர இருக்கும். செய்கிறபோது ஈரமருந்தை உள்ளே விட்டுச் சுழற்றுவார்கள், அது விளிம்புக்கு ஓடி ஒட்டிக்கொள்ளும் என்று போர்மன் விளக்கினார். அண்ணை எனக்குத் தமிழில் சொன்னார்:

"அப்பச்சட்டி மாஸ்ரர். மாவை விட்டுச் சுழட்டிறதுதான். கை கொஞ்சம் பிசகினா ஒரு பக்கம் கனக்கும், மற்றப் பக்கம் ஓட்டையாப் போகும். ஊசி அந்த ஓட்டையிலை போய்க் குத்தினா என்னண்டு பத்தும்?"

பிறகு, வெடிக்காத தோட்டாவைக் கொஞ்சம் திருப்பி, வேறு பக்கத்தில் குத்து விழும்படி வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். வெடித்தது. அன்று திரும்பி வரும்போது காருக்குள் அவர் நாலைந்து தரம் தனக்குள் சிரித்தார்.

அந்தச் சிரிப்பிலிருந்து வந்ததுதான் அவருடைய தோட்டா. அதே சின்ன அளவில், மருந்துக் குமிழை நடுவில் வைத்து, தோட்டாவின் வெளிக்கூடான கோதைத் தானே பித்தளையில் கடைந்து செய்யப்போவதாகச் சொன்னார். நடுவில் மருந்து வைத்த சின்னத் தோட்டாக்கள் கடையில் வேண்டியமட்டும் இருக்கின்றன என்று போர்மன் சொன்னார். அண்ணைக்கு அது தெரியும். கடையில் அப்பம் இருக்கிறது என்று வீட்டில் சுடாமல் விடுகிறார்களா என்று கேட்டார்.

சட்டத்தை நான் படித்துப் பார்த்தேன். லைசென்ஸ் உள்ளவர் தன் சொந்தப் பாவனைக்குச் செய்யலாம். எழுத்துப் பரீட்சைக்கு அவரை ஆறு கிழமை படிப்பித்தேன். முதல் தரத்திலேயே சித்தியடைந்துவிட்டு, ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றவன் இங்கிலீசில் சோதனை பாஸ் என்று சொல்லி, வேலையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். வீட்டில்தான் சிக்கல். அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன்; அவர் என்னைத் தம்பி என்பார். பித்தளை எவ்வளவும் கிடக்கட்டும், துவக்கும் மருந்தும் இந்த வாசல்படி தாண்டக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். அதனால் கோதுகள் அவருடைய கராஜில் பிறந்தன. அதற்கென்று ஒரு பழைய சின்ன லேத் வாங்கிப் போட்டிருந்தார். மருந்தும், அந்தத் தோட்டாவுக்கென்று துவக்குத் திருத்துகிற ஒருவரிடம் கொடுத்து மாற்றி வாங்கிய துவக்கும், வோபர்னில் என் வீட்டு பேஸ்மென்றில் பூட்டிய அலுமாரிக்குள் இருந்தன. இது முக்கியம். துவக்கு என் பொறுப்பில் இருந்தது.

பதினாறு மாதம். மாலையில் வேலை முடிந்து வந்து, ஒரு கோதுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் கடைவார். அரைவாசிக்கு மேல் அவரே கழித்துவிடுவார். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டுவந்து என் மேசையில் வரிசையாக நிறுத்துவார். நான் அளப்பேன். நாற்பது வருடம் அளவுக் கருவி பிடித்தவன் சொல்கிறேன்: ஒருவர் கையால் செய்ததில் அவ்வளவு ஒத்த அளவை நான் அதற்கு முன்னும் பின்னும் காணவில்லை. அதை அவரிடம் அப்போது சொல்லியிருக்கலாம். "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னேன். அளவு பார்க்கிறவன் புகழக்கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன்.

அந்தக் கோடையில் முப்பது தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தோம். முப்பதும் வெடித்தன. கழகத்தார் ஒரு நிபந்தனை போட்டார்கள். கையால் செய்த தோட்டாவை மற்றவர்கள் நிற்கும் வரிசையில் பாவிப்பதென்றால் முறையான பரிசோதனை அறிக்கை வேண்டும். நான் எழுதுகிறேன் என்றேன். அண்ணை இன்னும் ஐம்பது செய்தார்.

அவருக்கு அப்போது அறுபத்துமூன்று வயது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு மேசையில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து, "மாஸ்ரர், நீங்கள் என்ரை சாமானை ஒவ்வொரு நாளும் அளக்கிறனீங்கள். கை மாறுதெண்டாச் சொல்லிப்போடவேணும் என்ன" என்றார். அவருடைய தகப்பனாருக்குக் கை நடுக்கம் இருந்ததாம். நான் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன்.

பரிசோதனைக்கு முன்னால் சரஸ்வதி பூசை வந்தது. ஒன்பதாம் நாள் வீட்டில் புத்தகங்களோடு ஆயுதங்களையும் வைப்பது எங்கள் வழக்கம். என் அளவுக் கருவி, பழைய கணிப்புச்சட்டம், மனைவியின் தையல் கத்தரிக்கோல், மகளின் கம்பியூட்டர். புதுத் துவக்கையும் வைக்கவேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. முழுத் துவக்கைப் பூசை அறையில் வைக்க முடியாது, பூட்டி வைத்திருக்கவேண்டும். ஆகையால் அதன் குதிரையை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தேன். துவக்கின் பின்பக்கம் முன்னும் பின்னும் இழுபடும் உருளை அது; தோட்டாவைக் குத்தும் ஊசி அதற்குள்தான் இருக்கிறது. "உதை நான் தொடமாட்டன், சந்தனம் வைக்கிறதெண்டா நீங்களே வையுங்கோ" என்று மனைவி சொன்னாள். நானே வைத்தேன். அண்ணையின் வேலை பலிக்கவேண்டும் என்று நினைத்துத்தான் வைத்தேன். பன்னீரில் கரைத்த சந்தனம், விரல் நிறைய. குங்குமமும் வைத்தேன். உருளையின் பின்முனையில் பொட்டு வட்டமாக, அழகாக இருந்தது.

பூசையில் வைத்த ஆயுதத்தைத் துடைத்தெடுக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. தானாகக் காய்ந்து உதிரட்டும் என்று விடுவோம். விஜயதசமிக்குப் பிறகு குதிரையை எடுத்து, அப்படியே பூட்டி வைத்தேன்.

பரிசோதனை டிசெம்பரில்தான் நடந்தது. கூரை மட்டும் உள்ள கொட்டகை. மூன்று பக்கமும் குளிர். என் சொந்தத் துவக்கில் கடைப்பெட்டித் தோட்டா ஐம்பது. புதுத் துவக்கில் அண்ணையின் தோட்டா ஐம்பது. கடைத்தோட்டாவில் இரண்டு வெடிக்கவில்லை. அண்ணையின் தோட்டாவில் ஒன்பது வெடிக்கவில்லை.

நான் ஒவ்வொன்றையும் அரை நிமிடம் காத்திருந்து எடுத்து அவரிடம் கொடுத்தேன். ஒன்பதாவதைக் கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார்.

"குத்து ஆழமாப் படேல்லைப் போலக் கிடக்கு மாஸ்ரர். இன்னொருக்காக் குத்திப் பாப்பமோ?"

"முதல் குத்துத்தான் கணக்கு அண்ணை" என்றேன். "மருந்துக் குமிழ் உள்ளுக்கை இறங்கிப்போய் இருந்தாலும் குத்து ஆழமாப் படாதுதானே. குழி ஒரேயளவா இல்லைப் போல."

குழி அவர் கடைந்தது. அவர் தலையை ஆட்டினார்.

"நீங்கள் சொன்னாச் சரி."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. நேற்றுச் சரியாக வந்தது இன்று பிழையானால், செய்தவனைப் பார்க்காதே, நடுவில் என்ன மாறியது என்று பார். கோடையில் முப்பதும் வெடித்தன. நடுவில் என்ன மாறியது என்று நான் கேட்கவில்லை. என் பொறுப்பில் இருந்த துவக்கில் பிழை இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. எனக்குக் குளிர். கழகத்துக்கு அறிக்கை கொடுக்கவேண்டிய நாள் வந்துவிட்டது. ஒரு பக்கத்தில், நல்ல ஆங்கிலத்தில், எழுதிக் கொடுத்தேன். ஐம்பதில் ஒன்பது. காரணம், கைவேலையில் சீரின்மை. செய்பவரின் கை முன்போல் நிலையாக இல்லாதது காரணமாக இருக்கலாம். அந்தக் கடைசிப் பகுதியை எழுதும்போது, சாப்பாட்டு மேசையில் கொடுத்த வாக்கை நேர்மையாகக் காப்பாற்றுகிறேன் என்றுகூட நினைத்தேன். அவருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன்.

அவர் கோபிக்கவில்லை. நேரே சொன்னதற்கு நன்றி என்றார். தைமாதம் லேத்தை விற்றார். மாசியில், இன்னும் இரண்டு வருடம் நிற்கலாம் என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல், வேலையை விட்டார். பிழையான சாமானைச் செய்து மற்றவனின் காருக்குள் அனுப்பிவிட்டுப் படுக்க முடியாதாம்.

சித்திரையில் பனி கரைந்ததும், துவக்குகளை எடுத்துக் கழற்றித் துடைத்தேன். புதுத் துவக்கின் குதிரையைப் பிரித்தபோது, ஊசியைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு பசை அப்பியிருந்தது. எண்ணெய் கெட்டியாகியிருக்கிறது என்று நினைத்து விரலால் தேய்த்தேன். வாசம் வந்தது.

பேஸ்மென்றில் கோயில் வாசம்.

பன்னீரில் இளகிய சந்தனம் பின்முனை இடுக்கால் உள்ளே இறங்கியிருக்கிறது. எண்ணெயோடு சேர்ந்து பிசின்போல் ஆகியிருக்கிறது. வீட்டுச் சூட்டில் இளக்கமாகத்தான் இருந்திருக்கும். டிசெம்பர்க் குளிரில் இறுகி, ஊசியின் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. குத்து ஆழமாகப் படவில்லை. அவர் சொன்னது அதைத்தான்.

ஊசியைச் சுத்தம் செய்துவிட்டுக் கழகத்துக்குத் தனியே போனேன். அண்ணை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்த, வெடிக்காத ஒன்பதையும் ஒரு சின்ன டப்பாவில் வைத்திருந்தேன். எட்டைச் சுட்டேன். எட்டும் வெடித்தன. குறிப்புப் புத்தகத்தில் திகதி போட்டு எட்டுச் சரி அடையாளம் இட்டேன். அந்தப் பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. ஒன்பதாவதைச் சுட மனம் வரவில்லை. டப்பாவில் திரும்ப வைத்தேன்.

காரில் வரும்போது அவர் வீட்டுக்குத் திரும்பும் சந்தி வந்தது. நேரே போனேன். லேத்தை விற்றாயிற்று, வேலையை விட்டாயிற்று, இனிச் சொல்லி என்ன என்று எனக்கு நானே சொன்னேன். அது பொய்ச் சமாதானம். உண்மை இதுதான்: தொழிற்சாலையில் என் கையெழுத்துக்கு மறுபேச்சு இல்லை. பௌதிகம் படிப்பித்தவன் ஊசிக்குச் சந்தனம் பூசிவிட்டு, எட்டாம் வகுப்புப் படித்தவரின் கையைக் குற்றம் சொன்னான் என்று கழகத்தில் நான்கு பேர் சிரிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இப்படிப் பதின்மூன்று வருடம் போனது. சென்ற வைகாசியில் அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். கை நடுக்கத்துக்கு ஒரு விசேட வைத்தியரிடம் அனுப்புகிறார்கள், அதற்கு ஒரு ஃபோம் நிரப்பவேண்டும், வரமுடியுமா என்று கேட்டார். போனேன். அவருக்கு எழுபத்தாறு வயது. வலதுகை மேசைமேல் கிடந்தபடியே மெல்ல ஆடியது. பெயர், மருந்துகள், ஒவ்வாமை எல்லாம் எழுதி வந்தேன். நடுக்கம் எப்போது தொடங்கியது என்று ஒரு கேள்வி.

"அந்தத் தோட்டா காலத்திலை எண்டு எழுதுங்கோ" என்றார். "பதின்மூண்டு வரியம். உங்கடை அறிக்கையிலை கிடக்குத்தானே. அதிலையும் ஒரு கொப்பி வைச்சு அனுப்புவம்."

அக்கா எழுந்து போய், பாஸ்போட்டுகளும் குடியுரிமைப் பத்திரங்களும் வைக்கும் கவரிலிருந்து என் அறிக்கையை எடுத்து வந்தார். மடிப்புகளில் டேப் ஒட்டியிருந்தது. அதில் என் கையெழுத்து மிகவும் தெளிவாக இருந்தது.

பேனையை மூடினேன். ஒரு விபரம் பார்த்துக்கொண்டு நாளையிண்டைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழும்பினேன். மார்க்கம் வீதி பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தை விட்டு மூன்று தரிப்புத் தள்ளி இறங்கினேன்.

வீட்டில் முதலில் மனைவியிடம் சொன்னேன். அவள் நான் எதிர்பார்த்ததுபோல் அதிரவில்லை. "என்னட்டைச் சொல்லி என்ன?" என்று மட்டும் கேட்டாள்.

சொன்னபடி இரண்டு நாளில் குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். அண்ணை கதிரையில் இருந்தார். அக்கா பக்கத்தில் நின்றார். வழியெல்லாம் ஒரு முன்னுரை தயார் செய்திருந்தேன். அது வாய்க்கு வரவில்லை. சந்தனத்திலிருந்து தொடங்கி, எட்டுத் தோட்டாவில் முடித்தேன். சந்தனம் என்ற இடத்தில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "துவக்குக்குப் பொட்டு வைச்சனீங்களோ தம்பி" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் தொடர்ந்து சொல்லச் சொல்ல, அந்தச் சிரிப்பு நின்றது.

அண்ணை நெடுநேரம் தன் கையைப் பார்த்தார்.

"அப்ப, அந்த நேரம் என்ரை கை நல்லாத்தான் இருந்ததோ?"

"நல்லா இருந்தது அண்ணை. நான் அளந்ததிலை உங்கடை வேலையைப்போல ஒண்டும் இல்லை."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே."

"ஓம்" என்றேன்.

அக்கா பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"பதின்மூண்டு வரியமா இவர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலையும் பிடிக்கிறவர் மாஸ்ரர். கை நடுங்கி இல்லை. நடுங்கிப்போடும் எண்ட பயத்திலை. நடுக்கம் வந்தது இப்ப, இரண்டு வரியத்துக்கு முந்தி. பேரப்பிள்ளை பிறந்தோடனை தூக்கேல்லை. விழுத்திப்போடுவாராம்."

மாஸ்ரர் என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். குசினிக்குள் போனார், நான் வெளிக்கிடும்வரை வரவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். அண்ணை அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை விரித்து, எட்டுச் சரி அடையாளத்தையும் விரலால் தொட்டு எண்ணினார்.

"உங்கடை எழுத்தை நம்பித்தான் மாஸ்ரர் இவ்வளவு தூரம் வந்து நிக்கிறம்" என்றார். பிறகு, "ஒன்பதாவது எங்கை?" என்று கேட்டார்.

அது இருக்கிறது என்று சொன்னேன். ஒன்றை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்றும் சொன்னேன், பழக்கதோஷத்தில். "நிரூபிக்க இல்லை. பாக்க" என்றார்.

ஆனிமாதம் ஒரு வியாழக்கிழமை காலை கூட்டிப்போனேன். போர்மன் இறந்து பல வருடம். கொட்டகையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அண்ணை முதலில் குதிரையைக் கழற்றித் தரச் சொன்னார். என்னை அதைப் பிரிக்கவைத்து, ஊசியைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். பிறகு மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்று, இரண்டாம் தரமும் மணந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

டப்பாவிலிருந்து அந்தத் தோட்டாவை எடுத்தேன். பித்தளை மங்கியிருந்தது. அடியில் பழைய குத்து, மெல்லிய நகக்குறிபோல் தெரிந்தது. அவரைச் சுடச் சொன்னேன். தன் கையை ஒருதரம் பார்த்துவிட்டு, நீங்களே சுடுங்கோ என்றார். நான் படுத்து, இலக்கைப் பார்த்து, விரலை மடக்கினேன்.

வெடித்தது. மறுபக்கம் மரங்களிலிருந்து இரண்டு காகம் எழும்பின.

குதிரையைப் பின்னால் இழுத்ததும், கோது சிமெந்துத் தரையில் விழுந்து உருண்டது. அவர் குனிந்து எடுத்தார். சூடு, கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தார். கண்ணாடியை வைத்துப் பார்க்கும்போது வலதுகை ஆடியது. அதை இடதுகையால் பிடித்து நிறுத்திக்கொண்டு பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

"பாருங்கோ. பழைய குத்து எங்கை, புதுக் குத்து எங்கை."

பார்த்தேன். பழைய குறி, புதிதின் ஓரத்தில் ஒரு பிறைபோல் எஞ்சியிருந்தது. "ஆழம்" என்றேன்.

"ஆழம்" என்றார் அவரும். கோதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். பூட்டச் சற்று நேரம் எடுத்தது. நான் உதவவில்லை.

வைத்தியருக்கான ஃபோமில் இரண்டு வருடம் என்று எழுதி அனுப்பினோம். பழைய நோயென்று நினைத்துக் கொடுத்திருக்கக்கூடிய மருந்து வேறு, இப்போது தருவது வேறு என்று வைத்தியர் சொன்னதாக அவருடைய மகள் எனக்குச் சொன்னாள். அதற்குமேல் நான் கேட்கத் துணியவில்லை. கழகத்துக்கும் ஒரு திருத்த அறிக்கை அனுப்பினேன். அங்கே இப்போது இருப்பவர்களுக்கு அண்ணையைத் தெரியாது. கிடைத்தது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

இன்னொரு அறிக்கையும் எழுதினேன். பழையது ஆங்கிலத்தில் இருந்தபடியால் அக்காவால் அதை வாசிக்க முடிந்ததில்லை. அதில் என்ன இருக்கிறது என்பதை அண்ணையின் முகத்திலிருந்துதான் அவர் அறிந்திருந்தார். ஆகவே புதிதைத் தமிழில் எழுதினேன். ஒரு பக்கம். ஐம்பதில் நாற்பத்தொன்று முதல் குத்தில் வெடித்தன. மீதி ஒன்பதும் ஊசியைச் சுத்தம் செய்த பின் வெடித்தன. பிழை, துவக்கை வைத்திருந்தவரின் கவனக்குறைவு. தோட்டாவைச் செய்தவரின் கைவேலையில் எந்தக் குறையும் இல்லை. கீழே கையெழுத்து.

போன மாதம் அதைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டு முன்னறையில் வாசித்தேன். அண்ணை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கோது தொலைக்காட்சிக்கு மேல் சாமிப்படத்துக்கு முன்னால் நின்றது. பக்கத்தில் ஒரு செவ்வரத்தம் பூ. "பூ மட்டும்தான். சந்தனம் வைக்க விடேல்லை" என்று அண்ணை முதலிலேயே எனக்குச் சொல்லிவிட்டார். அக்கா வழக்கம்போல் குசினியில் இருந்தார். நான் வாசிக்கத் தொடங்கியபோது ஓடிக்கொண்டிருந்த தண்ணீர், நடுவில் எங்கோ நின்றிருந்தது. அது நின்றதை நான் வாசித்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.

"மாஸ்ரர்" என்று உள்ளிருந்து கூப்பிட்டார். "அந்தக் கடைசி வரியை இன்னொருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன். தண்ணீர் திரும்ப ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் இரண்டு தேநீர் வந்தது. அண்ணை தன் கோப்பையை இடதுகையால், ஒரு கையால், எடுத்தார். கொஞ்சம் சிந்தியது. யாரும் துடைக்கப் போகவில்லை.

அக்கா என்னை இன்னும் தம்பி என்று கூப்பிடத் தொடங்கவில்லை. நான் ஒவ்வொரு வியாழனும் போகிறேன்.